மைனா வாங்கித் தந்த சாயம்

பொடுகுக்கு எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எலுமிச்சை, முட்டை, வெங்காயம், தயிர்! "தலைய என்ன பண்ணி வச்சிருக்கீங்க, சமையலா?" என்று கேட்டுவிடுவேன். போனில் யாரோ சொன்னார்களாம், இவர்கள் செய்தார்களாம், இப்போது அரிப்புத் தாங்கவில்லையாம். வீட்டிலேயே கண்ணாடி முன் நின்று கோணல்மாணலாக வெட்டிக்கொண்டு, அதைச் சரி பண்ணித் தரச் சொல்லி வருகிறவர்கள் இன்னொரு ரகம். அவர்களுக்கு இரட்டைத் திட்டு. இவ்வளவு திட்டியும் என் அழகு நிலையத்துக்கு வருகிறவர்கள் குறையவில்லை. வாய் நீளமென்றாலும் கை சுத்தம் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது.

அண்ணன் எனக்கு வைத்த பெயர் பட்டாசு. அண்ணி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டார். அண்ணியிடம் எனக்குக் கோபம் வந்ததும் இல்லை. நான் எகிறினாலும் "சரி விடும்மா, தண்ணி குடி" என்று சொல்கிற மனுஷியிடம் எப்படிச் சண்டை போடுவது? அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறார். பல்வலியோடு கத்திக்கொண்டு வருகிறவர்களையெல்லாம் சிரித்தே உட்காரவைக்கிற வேலை.

அவருடைய முடி இடுப்பைத் தாண்டித் தொங்கும். சுருள் சுருளாக, பிடித்தால் கைக்குள் அடங்காது. காலையில் அதைச் சிக்கெடுத்துப் பின்னி முடிப்பதற்குள் பாதி உயிர் போய்விடும் என்பார். "ஒரு தடவ நேராக்கி விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"முன்னாடியே சொல்லிடறேன். போன வாரம் மைனா சாயம் போட்டுவிட்டா. என் பொறந்த நாளுக்கு அவ வாங்கித் தந்தது. நரைய மறைச்சாச்சும்மான்னு ஒரே குதி."

மைனா அண்ணனின் ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்பில் படிக்கிறாள். காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் மூடாது என்பதால் அந்தப் பெயர். வாய் மட்டும் அவளுக்கு அத்தையைக் கொண்டிருக்கிறது என்று அண்ணன் சொல்வான். எனக்கு அதில் பெருமைதான்.

சாயம் போட்ட சூட்டோடு சூடாக முடியை நேராக்கும் கிரீமைப் பூசக் கூடாது. "கொஞ்ச நாள் போகட்டும் அண்ணி" என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். விடுப்புப் போட்டு வந்திருக்கிறாரே என்று பார்த்தேன். என் கைமேல் எனக்கு இருந்த திமிரும் சேர்ந்துகொண்டது. சாயம் போட்ட முடிதானே, கொஞ்ச நேரம் மட்டும் வைத்து, பக்கத்திலேயே நின்று பார்த்து அலசிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன்.

பக்கத்திலேயே நிற்பதுதான் இந்த வேலையில் எல்லாம். நடுநடுவே ஓர் இழையை எடுத்துத் துடைத்து, விரலில் சுற்றி மெல்ல இழுத்துப் பார்ப்போம். விட்டதும் அது திரும்பிச் சுருங்கினால் நல்லது. இழுத்த இழுப்புக்கு நீண்டு அப்படியே நின்றுவிட்டால் முடிக்குள் வலுவே இல்லை, உடனே ஓடிப்போய் அலச வேண்டும். கிரீம் பூசிய தலையை விட்டு நகராதே என்று என்னிடம் வேலை கற்ற பெண்களுக்கெல்லாம் காதில் ரத்தம் வர நான் சொல்லியிருக்கிறேன்.

கிரீமைப் பூசி முடித்தேன். முதல் இழையை இழுத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது. அப்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, பக்கத்துச் செல்போன் கடைக்காரர் தன் பைக்கை என் வாசல் படியை ஒட்டி நிறுத்துவதைப் பார்த்தேன். எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"அண்ணி, இதோ வந்துடறேன்."

"லேசா எரியுதும்மா."

"அழகாகணும்னா கொஞ்சம் எரியத்தான் செய்யும்!" என்று சிரித்துக்கொண்டே கையுறையோடு வெளியே போனேன்.

"என்னங்க, இது என்ன வாசல் படியா, உங்க பைக்குக் கொட்டகையா?"

"ரெண்டு நிமிஷம் நிறுத்தினா இப்ப என்ன குடியா முழுகிப் போச்சு?"

அவ்வளவுதான். நான் விடுவேனா? இந்தப் பைக், அதற்கு முந்தைய பைக், அவர் கடையில் அலறும் பாட்டு, என் வாசலில் வந்து விழும் அவருடைய டீ கிளாஸ் என்று பழைய கணக்கையெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். அவரும் சளைத்தவரில்லை. நான்கு பேர் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்ததும் எனக்கு இன்னும் குஷி. கடைசியில் மனுஷர் முணுமுணுத்துக்கொண்டே பைக்கைத் தள்ளிக்கொண்டு போனார். நான் ஜெயித்துவிட்டுத் தலைநிமிர்ந்து உள்ளே வந்தேன்.

அண்ணி நாற்காலியின் கைப்பிடிகளை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. உச்சியில் கிரீம் காய்ந்து போயிருந்தது.

"ஐயோ, ஒரு குரல் குடுக்கக் கூடாதா அண்ணி?"

"நீ மும்முரமா சண்டையில இருந்தே. நடுவுல கூப்பிட்டா அந்த ஆளு முன்னாடி உனக்குத் தோத்த மாதிரி ஆயிடாதா? அதான் பொறுத்துக்கிட்டேன்."

ஓர் இழையை எடுத்து இழுத்தேன். அது நீண்டுகொண்டே போனது. விட்டேன், சுருங்கவில்லை. அவரை எழுப்பித் தொட்டியில் தலையைச் சாய்த்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். அலசினேன், அலசினேன், அலசிக்கொண்டே இருந்தேன். உள்ளே தோல் செக்கச்செவேல் என்று சிவந்திருந்தது. கண்டிஷனர் பூசி, சூடு காட்டாமல் மின்விசிறிக் காற்றிலேயே உலர்த்தினேன். முடி நேராக, பளபளவென்று விழுந்தது. அண்ணி கண்ணாடியில் பார்த்துப் பூரித்துப் போனார்.

"எவ்ளோ மெத்துன்னு இருக்கு! என் முடிதானா இது?"

அது நல்ல மெத்து இல்லை. வெந்துபோன முடி அப்படித்தான் இருக்கும். எனக்குத் தெரியும். "கொஞ்ச நாளைக்கு இறுக்கிப் பின்னாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று இரவெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வாரமே வந்துவிட்டார். தலையைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் பையை என் கையில் கொடுத்தார். அதில் முடி. கொத்துக் கொத்தாக, பந்து பந்தாக.

"சீப்பு வச்சாப் போதும், கையோட வருதும்மா" என்றார். துப்பட்டாவை அவிழ்த்தேன். உச்சியில் முடி ஒடிந்து விரல் உயரத்துக்கு நின்றது. நடுவே புண் ஆறிய பொருக்குகள். இடுப்பைத் தாண்டித் தொங்கியதில் பாதிகூட மிச்சமில்லை.

என் தப்புதான் அண்ணி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன். பின்னால் இரண்டு வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை வெளியே போனால் கடை என்னாகும் என்ற நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. வாயிலிருந்து வந்தது வேறு.

"அது என்ன சாயம் அண்ணி போட்டீங்க? கண்ட கண்ட சாயத்தப் போட்டா இப்படித்தான் ஆகும்."

அண்ணி என்னைக் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

"மைனா வாங்கினதா? அந்தச் சாயமா இப்படிப் பண்ணிடுச்சு?"

நான் தலையை ஆட்டினேன். என்ன ஒரு ஜென்மம் நான்! ஒரு தலையாட்டலில் என் பாவத்தைத் தூக்கி அந்தப் பிள்ளை தலையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அண்ணியை நான் கவனித்த கவனிப்பு இருக்கிறதே, பெற்ற தாயைக்கூட யாரும் அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஒடிந்த நுனிகளை வெட்டி, மிச்சத்தைத் தோளளவுக்குக் கொண்டுவந்தேன். பெரிய பல் சீப்பு வாங்கித் தந்து, கீழிருந்து மேலாகச் சிக்கெடுக்கக் காட்டிக் கொடுத்தேன். வெந்நீர் கூடாது, ஈரத்தோடு துவட்டித் தேய்க்கக் கூடாது, புண் ஆறும்வரை எண்ணெய் கூடாது என்று போன் போட்டுப் போட்டுச் சொன்னேன். தோல் மருத்துவரிடமும் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

"ஏதாவது கெமிக்கல் பட்டுச்சா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"என் பொண்ணு ஏதோ சாயம் போட்டுவிட்டா டாக்டர். முடிய நேராக்கவும் செஞ்சோம், ஆனா அது இவதான் செஞ்சா. இவ ரொம்பக் கவனம்" என்று அண்ணி என் கையைத் தட்டிக்கொடுத்தார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேர் சாகவில்லை, வளர்ந்துவிடும், நாளாகும் என்று சொல்லிக் களிம்பு எழுதிக் கொடுத்தார் மருத்துவர்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் அண்ணன் வீட்டுக்குப் போய் அந்தக் களிம்பைத் தடவினேன். "நாத்தனார்னா கொமட்டுல குத்துவாங்கம்பாங்க. எனக்கு வாச்சது தங்கம்" என்று மருத்துவமனையில் அண்ணி சொல்லிச் சொல்லி, அங்கே வேலை செய்கிற பெண்களெல்லாம் என் கடையைத் தேடி வந்தார்கள். ஒவ்வொருத்தி வந்து உட்காரும்போதும் எனக்கு உள்ளுக்குள் கூசியது.

அந்த வீட்டில் சத்தம் குறைந்துவிட்டது. மைனா வாயைத் திறப்பதே இல்லை. சாப்பிட்டாள், தட்டைக் கழுவினாள், அறைக்குள் போய்விட்டாள். சிரித்தே உட்காரவைக்கிற அண்ணி, மகளிடம் மட்டும் வேறு ஆளாக மாறியிருந்தார். கையில் முடி வரும்போதெல்லாம் ஒரு வார்த்தை.

"பாருடி, உன் பரிசு இன்னும் வேலை செய்யுது."

"என்னை ஆஸ்பத்திரியில பாக்கறவங்க முதல்ல என் மூஞ்சியப் பாக்கறதில்ல, துப்பட்டாவத்தான் பாக்கறாங்க. திருப்திதானே?"

ஒவ்வொன்றையும் நான் கேட்டேன். அண்ணிக்குப் பின்னால் நின்று, விரலில் களிம்போடு கேட்டேன். மைனாவின் கண் நேராக என்னிடம் வரும். நான் அண்ணியின் உச்சந்தலையை இன்னும் குனிந்து பார்ப்பேன்.

"என்ன, பட்டாசு நமுத்துப் போச்சு?" என்பான் அண்ணன். நானும் வெட்கமில்லாமல் சிரிப்பேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மைனா தனியாகக் கடைக்கு வந்தாள். யாரும் இல்லாத நேரம். பையைக் கீழே வைத்துவிட்டு, அவள் அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் முடியும் அம்மாவுடையதைப் போலவே சுருள் சுருளாக, முதுகு நிறைய இருக்கும்.

"அத்தை, ஒட்ட வெட்டிடுங்க."

"எதுக்குடி?"

"இதுல சவுரி செஞ்சு அம்மாவுக்கு வச்சிடலாம். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி முடிதானே? யாருக்கும் தெரியாது."

"பைத்தியமா உனக்கு? அம்மாவுக்குத் தன்னால வளரும். டாக்டரே சொல்லிட்டாங்க."

"வளர்ற வரைக்கும் துப்பட்டா போட்டுட்டுத்தானே வேலைக்குப் போகணும்? என்னாலதானே?" என்றாள். "அந்தப் பாக்கெட்ல எழுதியிருந்துச்சு அத்தை. முதல்ல காதுக்குப் பின்னாடி கொஞ்சம் தடவிப் பாத்துட்டு அப்புறம் போடணும்னு. நான் படிச்சேன். படிச்சுட்டும் பாக்கல. பொறந்த நாளும் அதுவுமா அம்மா முழிக்கறதுக்குள்ள சாயத்தக் கலக்கி வச்சிடணும்னு அவசரம். நான் மட்டும் ஒழுங்கா பாத்திருந்தா..."

இந்தப் பிள்ளை ஒரு துளி தடவிப் பார்க்காததை நினைத்து நினைத்துச் செத்துக்கொண்டிருக்கிறது. பூசிய கிரீமை விட்டுவிட்டுத் தெருவில் போய்ச் சண்டை போட்டவள் நான், வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவள் மாதிரி நிற்கிறேன்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கடையில் நாங்கள் இரண்டே பேர். சொல்லவில்லை. அவளுக்கு என் மேல் இருக்கிற பிரியம் போய்விடுமே என்று பயந்தேன். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, அண்ணியிடம் முதலில் சொல்லிவிடலாம், பெரியவர்கள் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடி" என்றேன். அது அவளுக்கு ஆறுதலுக்குச் சொன்ன மாதிரிதான் கேட்டிருக்கும். அவள் முடியை வாரி, ஒற்றைப் பின்னலாக அழகாகப் பின்னி, மேலேயும் கீழேயும் சிவப்பு ரப்பர் பேண்டு போட்டு அனுப்பிவைத்தேன். போகும்போது அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் போனேன். பால்கனியில் முக்காலி போட்டு அண்ணியை உட்காரவைத்தேன். உச்சியில் புதிதாகக் குச்சி குச்சியாகக் கறுப்பு தெரிந்தது. அண்ணன் உள்ளே செய்தி பார்த்துக்கொண்டிருந்தான். மைனா எங்கே என்று கேட்டதற்கு, தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். வாசல் கதவு திறந்தது.

மைனா வந்து எங்கள் முன்னால் நின்றாள். தலையில் போட்டிருந்த துப்பட்டாவை எடுத்தாள். காதுக்கு மேலே, ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, பின்னங்கழுத்தில் தோல் தெரிய முடி வெட்டப்பட்டிருந்தது. கையிலிருந்த செய்தித்தாள் பொட்டலத்தைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தாள். அது நான் பின்னிய பின்னல். நான் போட்ட சிவப்பு ரப்பர் பேண்டு இரண்டு முனையிலும் அப்படியே இருந்தது.

"அத்தை வெட்ட மாட்டேன்னுட்டாங்க. அதான் ஆம்பளைங்க கடையில போய் வெட்டிக்கிட்டேன்" என்றாள். "இதுல சவுரி பண்ணிக்கம்மா. இனிமே என்கிட்ட பழையபடி பேசறியா?"

அண்ணி பின்னலைக் கையில் எடுத்தார். வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. "அடிப் பாவி மகளே" என்றார். அண்ணன் டி.வி.யை நிறுத்திவிட்டு வந்து நிலைப்படியில் நின்றான்.

"நான்தான்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"சாயத்தால இல்ல. நான் கிரீமப் போட்டுட்டு வெளிய போய் பைக்குக்காரனோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். பக்கத்துலயே நின்னு பாக்க வேண்டியது. சாயம் போட்ட முடிக்கு அன்னிக்கு அதப் போட்டதே தப்பு. வந்து பாத்தப்பவே தெரியும், முடி வெந்துபோச்சுன்னு. சாயம்னு நான்தான் பொய் சொன்னேன். கடை பேரு கெட்டுடும்னு பயந்து சொன்னேன். இவ ஒண்ணுமே பண்ணல அண்ணி. இவ ஒண்ணுமே பண்ணல."

மைனா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் என் பக்கமே திரும்பவில்லை. அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அப்ப நான் இல்லையாம்மா?"

அண்ணி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அந்தக் கோணல் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நீ இல்லடி கண்ணு, நீ இல்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மைனா தேம்பித் தேம்பி அழுதாள். எத்தனை நாள் அழுகையோ.

வெகுநேரம் கழித்துத்தான் அண்ணி நிமிர்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"முடி போகட்டும். அது வளரும். எரியுதுன்னு நான் சொல்லியும் நீ போனியே, அதுவும் போகட்டும், உன் சுபாவம் எனக்குத் தெரியும். இவள நான் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேனே. என் பின்னாடி நின்னு, என் தலைக்கு மருந்து தடவிக்கிட்டே, எல்லாத்தையும் நீ கேட்டுக்கிட்டுதானே இருந்தே?"

நான் ஆமாம் என்றேன்.

மைனாவின் கழுத்தில் வெட்டிய முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சொறிந்துகொண்டாள். நான் என் பையிலிருந்து கத்தரியை எடுத்தேன். "இப்படி உக்காருடி, சமமா வெட்டி விடறேன்" என்றேன். என்னால் அந்த வீட்டில் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மைனா அசையவில்லை. அண்ணி கையை நீட்டினார்.

"குடு. இவளுக்கு நானே வெட்டிக்கிறேன்."

கத்தரியைக் கொடுத்தேன். அவர் மகளை முக்காலியில் உட்காரவைத்து, துப்பட்டாவைத் தோளில் போர்த்தி, வெட்ட ஆரம்பித்தார். கத்தரியை அப்படிப் பிடிக்கக் கூடாது. ஈரமாக்காமல் சுருள் முடியை வெட்டக் கூடாது. இடது பக்கம் இன்னும் மேலே ஏறிக்கொண்டே போனது. நான் பால்கனிச் சுவரோரம் களிம்புக் குப்பியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உட்கார் என்றும் யாரும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.